வடிவாம்பாளின் ஒப்படைப்புப் பட்டியல்

சாகப்போகிறவர்கள் பொறுப்பை ஒப்படைக்காமல் போகக்கூடாது. அதற்கென்றே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஒரு பிரிவு இருந்தது. வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை. சாப்பாட்டு இடைவேளையில் யாருக்கும் இறக்க அனுமதி இல்லை.

வடிவாம்பாள் தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள். பட்டியலைத் தானே தயாரித்துவிட்டாள். ஈரல் நோய் அவளைப் பாதி ஆளாக்கியிருந்தது. கையெழுத்து மட்டும் இளைக்கவில்லை. மொத்தம் மூன்று பிரதிகள். பொறுப்பேற்பவர்: கணவர் சிற்சபேசன், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்.

விதி எளிமையானது. அவர் கையெழுத்துப் போட்டால் அவள் போகலாம். போடாவிட்டால் போக முடியாது.

மளிகைச் சீட்டைக்கூட முழுதாகப் படிக்காத மனிதர், இந்தப் பட்டியலை வரி விடாமல் படித்தார்.

"ஏழாம் நம்பர்ல தப்பு இருக்கு," என்றார் பிரிவு எழுத்தர் தங்கவேணியிடம். "'சனிக்கிழமைச் சண்டை, ஒன்று, நல்ல நிலையில்'னு போட்டிருக்கு. சண்டைக்கு ரெண்டு பேர் வேணும். நான் ஒருத்தனா எப்படிம்மா பொறுப்பேத்துக்க முடியும்?"

"நியாயம்தான் சார்," என்று தங்கவேணி குறிப்பெழுதினாள்.

வடிவாம்பாள் படுக்கையிலிருந்தே பதில் அனுப்பினாள். கண்ணாடி முன்னால் நின்று நடத்திக்கொள்ளலாம்.

அடுத்து பன்னிரண்டாம் எண். சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம். இது தன்னிடம் நேரில் காட்டப்படவில்லை என்றார். மோந்து பார்க்கவும் என்று பதில் வந்தது. பத்தொன்பது, பூனாவிலிருக்கும் மகளோடு ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு. 'சாப்பிட்டியா' என்று கேட்ட பிறகு என்ன கேட்பது என்ற விவரம் இணைக்கப்படவில்லை. இதற்கு மட்டும் பதில் வர இரண்டு நாளாயிற்று. அவள் சொல்வாள், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், என்று எழுதியிருந்தது.

படுக்கைக்கும் பிரிவுக்கும் இருபதடித் தாழ்வாரம்தான். அவர் ஆட்சேபிக்க ஆட்சேபிக்க அது நீண்டது. புதன்கிழமை கடக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வழியில் ஒரு டீக்கடை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பஸ் விட்டார்கள். சிற்சபேசன் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த ஆட்சேபணையை யோசித்தார். அவருக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வலி பட்டியலில் இல்லை. அது அவளுடைய சொந்தப் பொருள், ஒப்படைக்கத் தேவையில்லை என்று தங்கவேணி விளக்கினாள்.

திங்கட்கிழமை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வடிவாம்பாள் விழித்திருந்தாள்.

"இன்னும் எத்தனை ஆட்சேபணை வெச்சிருக்கீங்க?"

"நாப்பத்தி மூணு."

"நல்லா யோசிச்சிருக்கீங்க. ஆபீஸ்ல என்கிட்ட இப்படி ஒருத்தர் இருந்திருந்தா ஒரு கோப்பும் நகர்ந்திருக்காது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வலிக்குதுங்க."

இத்தனை நாளும் யார் கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லிவந்தாள். சிற்சபேசன் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்கே போடணும்?"

"கீழே. 'எல்லாம் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்'னு எழுதிட்டுப் போடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பென்சில் வேண்டாம்," என்றாள்.

தலையணைக்கு அடியிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவரால் அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. மூன்று பிரதியிலும் ஒரே மாதிரி போட்டார். பிறகு மூன்றிலும் நாளைய தேதியை எழுதினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். ஒரு தேதி தப்பாக இருந்தாலும் தாசில்தாருக்கே கோப்பைத் திருப்பி அனுப்புகிறவள். இன்னும் ஒரு நாளின் வலியும் அவளுடையதுதான்.

"சரியா இருக்கு," என்று சொல்லி, அவர் படுக்க இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.