பெயர்ப்பலகை இல்லாத வண்டிக்கு ஒரு வெப்சைட்

மூட்டைப்பூச்சி ஒழிப்பது ரகசியத் தொழில். திருடனுக்குக்கூட அவ்வளவு ரகசியம் தேவைப்படாது. பூச்சிக்காரரின் வண்டியில் பெயர்ப்பலகை கிடையாது. மருந்தடிக்கும் கருவியை ஒரு கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் படியேறுவார். எதிர்வீட்டுக்காரர்கள் யார் என்ன என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சோபாவுக்கு அளவெடுப்பவராக, இசை வாத்தியாராக, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாவாக எல்லாம் இருந்து பார்த்துவிட்டார். ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் நான்கு கதவுகள். அதில் மூன்று வீட்டுக்கு மருந்தடித்தவர் அவரே. ஆனால் ஊரிலேயே தன் வீட்டில் மட்டும்தான் இந்தக் கேவலம் என்று மூன்று வீட்டாரும் தனித்தனியாகக் கூனிக் குறுகிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் மானமும் அவர் வாய்க்குள் பத்திரமாக இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு வெப்சைட் எதற்கு? எல்லாம் முழங்காலால் வந்த வினை.

வலது முழங்கால் படியைப் பார்த்தாலே அழ ஆரம்பித்திருந்தது. இடது முழங்கால் கூடச் சேர்ந்து பாடியது. அந்த நேரம் பார்த்துப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த விடுதி வருட ஒப்பந்தத்துக்கு ஆள் தேடியது. இருநூற்று நாற்பது கட்டில், எல்லாம் தரைத்தளம். ஒரு படிகூடக் கிடையாது. அது கிடைத்தால் இனி ஆயுசுக்கும் அவர் மாடி ஏற வேண்டியதில்லை. விடுதி மேலாளர் ஒரு பெண்மணி, மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு பேர் பெயர் வந்திருக்கிறது, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கூட்டத்தில் முதலாளி இரண்டு பேர் வெப்சைட்டையும் பார்த்து முடிவு செய்வார் என்றார். அந்த இன்னொருவர் எலிக்காரர். எலி, கரப்பான், பூச்சி எல்லாம் பிடிப்பவர். அவருடைய வெப்சைட் முப்பத்தாறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் வெள்ளை மெத்தைமேல் ஒரு குடும்பம் உட்கார்ந்து காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

பூச்சிக்காரர் மனைவியின் தம்பிக்குக் கம்ப்யூட்டர் கடையில் வேலை. வெப்சைட்டைத் தானே கட்டித் தருவதாகச் சொன்னான். "எழுதறதுக்கு மட்டும் ஆள் பிடிங்க அத்தான். சொல்லுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு எழுதித் தர ஆளுங்க கொட்டிக் கிடக்காங்க."

முதலில் கிடைத்தவர் 'இன்றைய வேகமான உலகில்' என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிற்கவில்லை. மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், குகையை விட்டு வெளியே வந்தான், கட்டில் செய்தான், உறங்கினான். நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு மூட்டைப்பூச்சி தலைகாட்டிவிட்டு உடனே போய்விட்டது. எங்கள் வேலையைப் பற்றி எங்கே என்று கேட்டதற்கு, இது முன்னுரைதான், அது பதினோராம் பக்கத்தில் வரும் என்றார்.

இரண்டாவது ஆள் இளைஞர், இளகிய மனசு. வித்தியாசமாக எழுதுவதாகச் சொல்லிப் பூச்சியின் பார்வையில் எழுதிவிட்டார். மெத்தையின் தையல் ஓரத்தில் ஒரு தாய்ப்பூச்சி, பசியோடு காத்திருக்கும் ஏழு குஞ்சுகள், வாசலில் மருந்துடன் வந்து நிற்கும் ஓர் உருவம். அதைப் படித்துவிட்டு மனைவி ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பரைக் காலி செய்தாள். "ஏங்க, பால்குடி மறக்காததுங்களையா இத்தனை வருஷமா..." என்று கேட்டாள். பூச்சி பால் குடிக்காது என்று அவளுக்குப் புரியவைக்க அரை நாள் ஆனது. அடுத்த இரண்டு நாளும் கருவியைத் தொடும் முன் பூச்சிக்காரர் கொலைகாரன் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு ஐந்தே நாள் இருந்தபோது மூன்றாவதாக வந்தவர்தான் டைரக்டரி அம்மா. தொலைபேசி டைரக்டரி அச்சிட்ட இடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரே ஓர் எண் தவறாகப் போய்விட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லையாம். வந்து உட்கார்ந்தவர், என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த பூச்சிக்காரர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"தகவல் வேணும்மா. முன்னுரை வேணாம், தாய்ப்பாசம் வேணாம். யாருக்கு, எங்க, என்ன வேலை செஞ்சோம். அதை அப்படியே போட்டா போதும்."

சொன்னதோடு விட்டாரா? தொழில் புரியட்டும் என்று, எந்த வீட்டில் என்ன வேலை என்று மனைவி குறித்து வைக்கும் நோட்டையும் எடுத்துக் கொடுத்தார். மனைவி அப்போது வீட்டில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைரக்டரி அம்மா எழுதியது வந்து சேர்ந்தது. படித்துப் பார்க்கச் சொன்னான் மைத்துனன். இன்னும் ஒரு வரி படித்தால் கண் தெறித்துக் கீழே விழுந்துவிடும், வந்ததை அப்படியே வெப்சைட்டில் ஏற்று என்று சொல்லிவிட்டுப் பூச்சிக்காரர் முழங்காலுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. எட்டு மணிக்குள் அது நாற்பது தடவை அடித்து, சூடேறி, கையில் பிடிக்க முடியாமல் போயிற்று. வெப்சைட்டின் முகவரி ராத்திரியே ஊரார் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. மனைவி அதைத் திறந்து பார்த்தாள். மேலே 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று தலைப்பு. கீழே நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், அகர வரிசையில். பெயர், தெரு, மாடி, கதவு எண். படுக்கையறை, கட்டிலின் இடது பின்கால், மூன்று முறை. கருவி கிட்டார் பெட்டியில் கொண்டுவரப்படும். நோட்டின் அட்டையில் மனைவி எழுதி வைத்திருந்ததையும் அந்த அம்மா விட்டுவைக்கவில்லை. கடைசி வரியாகப் பளிச்சென்று போட்டிருந்தார்: யாரிடமும் சொல்லக் கூடாது.

நான்காவது மாடியில் முதல் கதவும் இரண்டாம் கதவும் ஒரே நேரத்தில் திறந்தனவாம். உன்னிடமிருந்துதான் வந்தது, இல்லை உன்னிடமிருந்துதான் என்று ஆரம்பித்த சண்டைக்கு நடுவில் மூன்றாம் கதவு மெதுவாகத் திறந்து, அதைவிட மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. பூச்சிக்காரரைப் பெரியப்பா என்று நம்பியிருந்த ஒரு குடும்பம், அப்படியானால் உண்மையான பெரியப்பா எங்கே என்று கேட்டது.

மைத்துனன் தூக்கம் கலைந்து அந்தப் பக்கத்தை நீக்கும்போது மணி பதினொன்றரை. "ஒரே காலைல இவ்வளவு பேர் பார்த்த வெப்சைட்ட நான் இதுவரைக்கும் கட்டினதே இல்ல அத்தான்" என்றான். அவன் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

பூச்சிக்காரர் டைரக்டரி அம்மாவைக் கூப்பிட்டு, தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து பதறிப்போன குரலில் ஒரு கேள்வி.

"எந்த வரியில தப்பு?"

பூச்சிக்காரர் யோசித்தார். ஒரு வரியிலும் தப்பில்லை. நானூற்றுப் பன்னிரண்டும் அச்சுப் பிசகாமல் சரி. அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்ததுதான் அவரை இன்னும் எரித்தது.

"தப்பில்லாம எதுக்குய்யா கத்தறீங்க? எனக்கு உசுரே போயிடுச்சு" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு விடுதி மேலாளர் கூப்பிட்டார். கூட்டம் காலை பத்து மணிக்கே நடந்துவிட்டது என்றார். பூச்சிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"எங்க முதலாளி வீடு ஒம்பதாவது வரியில இருக்கு. விருந்தாளி ரூம், மெத்தை, ரெண்டு தடவை. அது அவருக்கே இன்னிக்குத்தான் தெரியும். வீட்டம்மா பெயிண்ட் வாசனைன்னு சொல்லி வச்சிருந்தாங்களாம்."

"அம்மா, அதை எடுத்தாச்சும்மா."

"ஒப்பந்தம் எலிக்காரருக்குப் போயிடுச்சுங்க. அவர் வெப்சைட்ல ஒண்ணுமே எழுதல. அதான் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

இருநூற்று நாற்பது கட்டிலும் வரிசையாக எழுந்து வாசல் வழியே நடந்து போவதைப் பூச்சிக்காரர் கண்ணால் பார்த்தார். வலது முழங்கால் விம்மியது. போனை வைக்கப் போனவரை மேலாளர் நிறுத்தினார். குரல் தணிந்து, ஏதோ மேஜைக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் வந்தது.

"வேற ஒரு விஷயம். எங்க வீட்டுக்கு ஒரு நடை வரணும். மூணு வாரமா கடி. எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தேன். உங்க பட்டியலப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. எங்க வீடு அதே நாலாவது மாடி, நாலாவது கதவு."

எழுபத்தாறு படி. அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பழக்க தோஷத்தில் நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார். மனைவி நோட்டை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அந்தக் கட்டடத்துல லிஃப்ட் போடப் போறதா சொன்னாங்களேம்மா" என்றார் கடைசி நம்பிக்கையாக.

"சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. ஆமா, அந்தக் கிட்டார் பெட்டி வேணாங்க. அது என்னன்னு இப்ப குழந்தைக்குக்கூடத் தெரியும்."

பூச்சிக்காரர் போனை வைத்துவிட்டுக் வீட்டைச் சுற்றிலும் பார்த்தார். மனைவி எழுந்து, பரணிலிருந்து ஒரு பெரிய சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினாள். கருவியை உள்ளே வைத்து மூடிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"வெளியூர்லேருந்து வந்த சித்தப்பான்னு சொல்லிடுங்க" என்றாள். "பெரியப்பாவ எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவர் சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தார். கிட்டார் பெட்டியைவிட இரண்டு மடங்கு கனம்.