கோப்பையின் கனம்

"அந்தக் கப்ப எடுத்தாம்மா. எங்கண்ணன் தலமாட்டுல வெக்கலாம். வர்றவங்க பாக்கட்டும்."

லதா அத்தை கேட்டபோது, அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்துபோனதை வைஷாலி சரிசெய்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"சென்னைல கீது அத்தை. ரூம்ல."

"ரூம்லயா? பித்தள சொம்பாடி அது, போட்டது போட்டபடி வுட்டுட்டு வர!"

கூடத்தில் இருந்த பெண்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். சாவு வீடென்றாலும் சிரிப்பு வரத்தான் செய்யும். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பிரபாவதி மட்டும் சிரிக்கவில்லை. அப்பா பன்னீர்செல்வம் கண்மூடிப் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு நேராகவே இன்னொரு பொய்யும் சொல்லியாயிற்று.

சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. வைஷாலி இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். போன வருஷம் உஸ்பெகிஸ்தானில் ஒரு டென்னிஸ் போட்டியில் எடுத்தது. அந்தப் போட்டியில் அவள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போனாள். ஜெயித்தவள் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரஷ்யப் பெண். "பிடி, நீயும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்" என்று விளையாட்டாகக் கொடுத்தாள். அன்றைக்கு அப்பா போனில், "இன்னிக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றார். அந்த வருஷம் பூராவும் "தோத்துட்டேம்பா" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கல்பாக்கம் குடியிருப்பின் டென்னிஸ் தரையில், விடிவதற்கு முன்னால் எழுந்து கூடை கூடையாகப் பந்து எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு வேலைக்குப் போன மனிதர். அவரிடம் எத்தனை தடவை அதையே சொல்வது? "ஜெயிச்சிட்டேம்பா" என்றாள். படத்தையும் அனுப்பினாள்.

அந்தப் படம் இப்போது தெருமுனையிலும் நின்றது. விடியற்காலை செங்கல்பட்டில் இறங்கி, வாடகைக் காரில் திருக்கழுக்குன்றம் வந்து சேர்ந்தவளை முதலில் வரவேற்றதே அந்த பேனர்தான். 'உலகக் கோப்பை நாயகி வைஷாலியின் அன்புத் தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலி.' ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வைத்தது. ஆள் உயரத்துக்கு அவள். மூலையில், தபால்தலை அளவில் அப்பா.

பின்கட்டில் தொட்டியருகே தம்பி ஷ்யாம் ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு.

"ஷ்யாம், அந்த பேனர எடுக்கச் சொல்லுடா."

"இப்பவா? அண்ணாத்தைங்க ராவெல்லாம் முழிச்சுக்கினு வெச்சிக்கீறாங்க."

"எடுக்கச் சொல்லு. ப்ளீஸ்டா."

அவன் வேட்டி முனையைச் செருகினான். தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனுக்குத் தெரியும்க்கா. அப்பவே ஆபீஸ்ல நெட்ல பாத்தேன். மொத ரவுண்டுக்கப்புறம் உன் பேரே இல்ல."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"வாய் வுட்டுட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"அந்த போட்டோவ பெருசு பண்ணிக்கினு வாடான்னாரு. கூடத்துல அவரே ஆணி அடிச்சு மாட்டினாரு. 'பொங்கலுக்கு வருவா, இத்த பாத்தான்னா அவளே சொல்லிடுவா'ன்னாரு."

வாசலில் சங்கு ஊதினார்கள். ஷ்யாம் கொள்ளிச்சட்டி எடுக்கப் போய்விட்டான்.

பொங்கலுக்கு அவள் வந்தாள். படத்தைப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "ரொம்ப கனமா இருந்துதாம்மா?" என்று கேட்டார். "ஆமாப்பா. ரெண்டு கையாலதான் தூக்க முடியும்" என்றாள். அவர் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். படத்தின் சட்டத்தில் தூசி இல்லாத இடத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கரும்பு வெட்டப் போனார்.

எதற்காக நின்றார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். அதற்கு மேல் சுடுகாட்டுப் பாதை ஆண்களுக்கு. பெண்கள் நின்ற இடம் சரியாக அந்த பேனருக்குக் கீழே. தூக்கியவர்கள் பாடையைத் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துக் கைகூப்பி, "எங்க ஊரு பேர காப்பாத்தினம்மா. அப்பா அத சொல்லாத நாளில்ல" என்றார். அவளால் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, காலைப் பார்த்தாள். தெரிந்துகொண்டே அப்பா சொன்னது கூடப் பொய்தானோ என்னவோ. அப்பா என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ.

பறை முழங்கியது. பாடை நகர்ந்தது. லதா அத்தை மூக்கைச் சிந்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டு பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி, கப்புக்குக் கீழ அது யாரு கை?"

அப்போதுதான் வைஷாலியும் பார்த்தாள். கோப்பையின் அடியில் நான்கு விரல்கள், சிவப்பு நகச்சாயத்தோடு. ஓரத்தில் தோளும் கையுமாக மட்டும் தெரிந்த ரஷ்யப் பெண்ணை பேனர் அடித்தவன் வெட்டி எடுத்துவிட்டான். கோப்பையைத் தாங்கியிருந்த விரல்களை மட்டும் எடுக்க முடியவில்லை. வீட்டுப் படத்திலும் அவை இருந்திருக்கும். அப்பா தினமும் துடைத்த படம்.

"ஜெயிச்சவளுது" என்றாள்.

பறைச் சத்தத்தில் அத்தைக்குக் கேட்கவில்லை. "இன்னா?"

"ஜெயிச்சவ கை, அத்தை. அது அவ கப்பு. நான் தோத்துட்டேன்."

அதற்குள் பறை மலையடித் திருப்பத்தைத் தாண்டிவிட்டிருந்தது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் பாடை போன திக்கையே பார்த்தபடி நின்றாள்.

அத்தை இன்னொரு தரம் மேலே பார்த்தாள். பிறகு, "வா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கணும்" என்று வைஷாலியின் வலக்கையைப் பிடித்தாள். ராக்கெட் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை, மரப்பட்டை மாதிரி சொரசொரவென்றிருந்தது. அத்தை ஒரு நிமிஷம் அதைத் தடவிப் பார்த்தாள். விடாமல் பிடித்துக்கொண்டே வீட்டைப் பார்க்க நடந்தாள்.