புறா எண்ணும் அறை

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சுருக்கக்கா என்று பெயர். ரத்தம் எடுக்க வந்து உட்காருகிற எல்லோரிடமும், "சுருக்குன்னு ஒண்ணு, அவ்வளவுதான்" என்பாள். சொன்னபடி சுருக்கென்று ஒன்றுதான் இருக்கும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்த்துக் கைவிட்ட நரம்பை அவள் ஒரு விரலால் தடவியே பிடித்துவிடுவாள். "வலிக்காது" என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. குத்தினால் வலிக்கத்தானே செய்யும், அதில் என்ன பொய் வேண்டியிருக்கிறது என்பது அவள் கட்சி.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஊசி என்றால் பயம். சிரிக்கக் கூடாது. குத்துவதற்குப் பயமில்லை, குத்திக்கொள்வதற்குத்தான். ஊழியர்களுக்கு வருஷாவருஷம் நடக்கும் பரிசோதனையில் தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொள்வாள். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, நின்றபடியே வேலையை முடித்துவிடுவாள். "அக்காவுக்கு நம்ம யார் கையும் பிடிக்காது" என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கர்வம் என்றே நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பயந்தவள் என்பதைவிடக் கர்வக்காரி என்பது எவ்வளவோ மேல்.

பழைய அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதற்கு நேராக எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில் எப்போதும் புறாக்கள். யாராவது கையை இறுக்கிக்கொண்டு முகம் வெளிறினால், "அங்க பாருங்க, எத்தனை புறான்னு எண்ணிச் சொல்லுங்க" என்பாள். அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவாள். அவள் கைராசியில் பாதி அந்தப் புறாக்களுடையது. அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

புதுக் கட்டடம் வந்தது. பளபளவென்று எல்லாம் இருந்தது, ஜன்னலைத் தவிர. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். ஒரு படமாவது மாட்டலாம் என்று கேட்டாள். சுகாதார விதிப்படி சுவரில் எதையும் ஒட்டவோ மாட்டவோ கூடாது என்று எழுத்திலேயே பதில் வந்துவிட்டது. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் ஊசியையே பார்த்தார்கள். பார்த்தவர்கள் கையை வெடுக்கென்று இழுத்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரே நாளில் இரண்டு பேருக்கு அவள் இரண்டாவது தடவை குத்த வேண்டி வந்தது.

அதில் ஒருவர் லாரிக்காரர். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், மாதாமாதம் பரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும். மாத்திரை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மலைப் பாதையில் சரக்கு வண்டி ஓட்டுகிற அந்த மனிதர், அன்றைக்கு நாற்காலியிலேயே கண் செருகிச் சாய்ந்துவிட்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. போன் செய்தபோது அவர் மனைவிதான் எடுத்தாள்.

"சொல்லிப் பாத்துட்டேன் சிஸ்டர். அந்த ரூமை நெனச்சாலே மூச்சு முட்டுதாம். புறா இருந்தா வரேங்கறாரு."

சுருக்கக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த மனிதருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அது தன் தலையில்தான் என்று தோன்றியது. சுவரில்தானே எதுவும் கூடாது? விதியை எடுத்து இன்னொரு முறை வரி விடாமல் படித்தாள். ஊழியர்களின் கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

"பச்சை குத்திக்கப் போறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

அவர் பேப்பரை இறக்கினார். "ஐம்பத்தோரு வயசுல என் மேல இவ்வளவு ஆசையா? என் பேரை எங்க குத்திக்கப் போறே?"

"உங்க பேரைப் படிச்சா இருக்கிற பேஷண்டும் எழுந்து ஓடிடுவாங்க. புறா குத்திக்கப் போறேன்."

"உனக்குத்தான் ஊசின்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஐந்து கடை ஏறி இறங்கினாள். மற்றவர்கள் போனால் சுவரில் தொங்கும் படங்களைப் பார்ப்பார்கள். இவள் கையைப் பார்த்தாள். அதுவும் ஊசி பிடிக்கிற கையை அல்ல, இன்னொரு கையை. தோலை இழுத்துப் பிடிக்கிற கை சரியாக இருந்தால்தான் ஊசி சொன்னபடி கேட்கும். இது அவள் தொழிலிலும் அப்படித்தான். ஒரு கடையில் ஒருவர் பிரமாதமாக வரைந்துகொண்டிருந்தார். நடுவில் போன் அடித்தது. கையுறையோடு எடுத்துப் பேசி, அதே கையுறையோடு திரும்பத் தோலைத் தொட்டார். சுருக்கக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னொரு கடைக்காரர் சுத்தத்தில் குறை சொல்ல முடியாதவர். ஆனால் வாசலிலேயே, "எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது மேடம்" என்றார். இப்படிப் பொய் சொல்கிறவரிடம் எப்படிக் கையை நீட்டுவது?

ஐந்தாவது கடை ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். உடம்பில் சித்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. மூக்குக் கண்ணாடி, அள்ளி முடிந்த கொண்டை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று சொன்னால் நம்பலாம்.

"வலிக்குமா?" என்று சோதித்தாள் சுருக்கக்கா.

"வலிக்கும். முதல் பத்து நிமிஷம் நல்லாவே வலிக்கும். அப்புறம் பழகிடும். கடைசியில எரிய ஆரம்பிக்கும்" என்றாள் அவள்.

சுருக்கக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எந்த இடத்துல?" என்றாள் பச்சை குத்துகிறவள். அதெல்லாம் சுருக்கக்கா எப்போதோ முடிவு செய்திருந்தாள். இடது முன்கையின் உள்பக்கம். நோயாளியின் கையைப் பிடிக்கிற கை அதுதானே, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும்.

"நீங்க எப்படி ரத்தம் எடுப்பீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க அக்கா. நான் பேஷண்ட்."

சொன்னதோடு நிற்காமல் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சுருக்கக்காவின் கைப்பையில் ரப்பர் பட்டை இல்லாமலா இருக்கும்? கட்டினாள். இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையில் ஒரு பேனாவை ஊசியாக வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் உடனே எழுந்திருக்கவில்லை. தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். இன்னொரு முறை செய்யச் சொன்னாள். போனில் நேரம் வைத்து மூன்றாவது முறையும் செய்யச் சொன்னாள். இருபது நிமிஷம் அந்த நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"அக்கா, உங்க முன்கையைப் பாத்தா எனக்கு ஊசிதான் தெரியுது. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கே."

சுருக்கக்கா பேனாவைக் கீழே வைத்தாள். கூடவே வெட்கம் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பாள்! அதில் ஒரு தடவைகூடத் தான் உட்கார்ந்து பார்க்கவில்லை. பயத்தில் நின்றுகொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறாள். இந்தப் பெண் பார்த்த முதல் நாளே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எப்படிம்மா உனக்குத் தோணுச்சு?"

அவள் பதிலுக்குக் கால்சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். அங்கே ஓர் இலை. கோணல் மாணலாக, நரம்பெல்லாம் கிறுக்கலாக, சின்னப் பிள்ளை வரைந்தது போல் இருந்தது. "என் முதல் வேலை. நானே எனக்குக் குத்திக்கிட்டது. எப்படி வலிக்கும்னு தெரியாம அடுத்தவங்க தோல்ல கை வெக்கக் கூடாதில்லையா?" என்று சொல்லிக் கால்சட்டையை இறக்கிவிட்டாள். அதை மறைத்து மேலே நல்லதாக ஒன்றைக் குத்திக்கொள்ள அவளுக்கு ஒரு நாள் வேலைதான். அப்படியே வைத்திருக்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோணல் இலையைவிட அழகான ஒரு சித்திரத்தைச் சுருக்கக்கா அந்த ஐந்து கடையிலும் பார்க்கவில்லை.

இடம் மாறியது. இடது மேற்கை, பின்பக்கம் வரை சுற்றி. சட்டைக் கையை ஒரு மடிப்பு ஏற்றினால் தெரியும். அங்கே பார்க்க வேண்டுமென்றால் நோயாளி முகத்தை நிமிர்த்தியே ஆக வேண்டும். "எத்தனை புறா?" என்றதற்கு, "அவங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் முடிச்சிடணும்" என்றாள் சுருக்கக்கா. அந்தப் பெண் போனில் எடுத்திருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"மாசாமாசம் வர்றவங்க எண்ணிக்கையை மனப்பாடம் பண்ணிடுவாங்களே. கொஞ்சத்தை ஒளிச்சு வெச்சுடறேன். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, தலை மட்டும், வால் மட்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வரும். நீங்க மட்டும் எண்ணவே கூடாது அக்கா."

"ஏன்?"

"கேட்டா தெரியாதுன்னு சொல்லணும்ல? உங்களுக்குத்தான் பொய் வராதே."

குத்துகிற நாள் வந்தது. படுக்கையில் உட்கார்ந்ததும் சுருக்கக்கா வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். "எனக்கு ஊசின்னா பயம்மா. மயங்கினாலும் மயங்கிடுவேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. படுக்கச் சொல்லி முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டாள். "அந்த அலமாரியில மை பாட்டில் எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. எனக்கே கணக்குத் தெரியாது."

தன் வித்தையைத் தன்னிடமே காட்டுகிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும் எண்ணினாள். நாற்பத்து மூன்றில் தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். வலித்தது, அவள் சொன்ன அதே அளவு வலித்தது. பிறகு பழகியது, கடைசியில் எரிந்தது. தோலை இழுத்துப் பிடித்திருந்த கை மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிகிறவரை கொஞ்சமும் பிசகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையை இன்னொருத்தி கையில் முழுசாகக் கொடுத்துவிட்டுக் கிடந்தாள். அது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆறுகிற வரைக்கும் வீட்டுக்காரர்தான் தினமும் மருந்து தடவினார். பின்பக்கம் தடவும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நீதான் எண்ணக் கூடாதாமே."

ஆறியதும் லாரிக்காரர் வீட்டுக்குப் போன் செய்தாள். "புறா வந்தாச்சுன்னு சொல்லும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். அறைக்குள் வராமல், வாசலில் நின்றபடியே நாலு சுவரையும் பார்த்தார். "எங்க சிஸ்டர்? சும்மாதானே சொன்னீங்க?" குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். போகத் திரும்பிவிட்டார்.

சுருக்கக்கா சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றினாள்.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு. அதன் மேல் தோளோடு தோள் உரசிக்கொண்டு புறாக்கள். ஒன்று இறகைக் கோதியது, ஒன்று பக்கத்துப் புறாவை இடித்துக்கொண்டு இடம் பிடித்தது. லாரிக்காரர் கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க. சுருக்குன்னு ஒண்ணு, அவ்வளவுதான்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இது வாலா? இந்த வாலு யாருதுங்க? சரி, ஆறு. ஏழு..."

பட்டை கட்டியாகிவிட்டது. கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடித்தது. அவர் எண்ணிக்கொண்டே போனார். குழாய் நிறைந்தது. பஞ்சை வைத்து அவர் விரலை எடுத்து அதன் மேல் அழுத்தினாள்.

"முடிஞ்சுது."

"இருங்க சிஸ்டர், பதினொண்ணு எண்ணிட்டேன். இன்னும் இருக்கு." பிறகுதான் தன் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெட்கப்படாமல் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மறுபடி அவள் கையின் பின்பக்கத்தையே உற்றுப் பார்த்தார். "எல்லாம் அதுங்க பாட்டுக்கு வேடிக்கை பாக்குது. இந்த ஒண்ணு மட்டும் என்னையே பாக்குதே."

"எது?"

"இதோ, பின்னாடி ஓரத்துல. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் போனில் படம் எடுத்துக் காட்டினார். தொட்டியின் கடைசி மூலையில், மற்றவற்றைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு புறா. கழுத்தைத் திருப்பி, தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கண்ணால் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. 'என்ன, பயமா?' என்று கேட்கிற பார்வை. நின்றுகொண்டு வேலை செய்கிறவளுக்கு அது தெரிய வழியே இல்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு இருபது நிமிஷம் அந்தப் பெண் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியது இந்த இடத்தைத்தான். சுருக்கக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன மனுஷி, என்ன கை!

லாரிக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, அவள் கையைப் பார்த்துத்தான் பேசினார்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வரேன். அதுகிட்டச் சொல்லிடுங்க."