என் தம்பி மீது நான் எழுதிய புகார்

ரசத்துக்குப் பூண்டை உரித்துப் போடணுமா, தோலோடு தட்டணுமா என்று கேட்டான் என் தம்பி செல்வகுமார். தோலோடு என்றேன். தட்டி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மனநோய்க்கான மாத்திரையை அவன் நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. எங்கள் மேனாம்பேட்டிலிருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு நடந்தே போய், முன்பு வேலை பார்த்த கம்பெனிக்குள் நுழைந்து, காலை பத்தரைக்குச் சாப்பாட்டு சைரனை அடித்துவிட்டான். உள்ளே எல்லோரும் பட்டினி கிடக்கிறார்கள் என்று அவன் காதில் ஒரு குரல் சொல்லியிருக்கிறது. நூற்றிருபது பேர் டிபன் பாக்ஸோடு வெளியே வந்தார்கள். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர்களுடைய மனநிலையை யாரும் சந்தேகிக்கவில்லை.

பழைய ஆள்தானே என்று மேனேஜர் புகார் கொடுக்கவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க உதவி கேட்டு நான் போன காவல் நிலையத்தில் அதுவே சிக்கலாகிவிட்டது.

“கேஸ் இல்லாம எப்டிக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது?” என்றார் காவலர் சம்பந்தம். “அடிச்சான்னு நீ ஒரு கம்ப்ளைண்ட் குடு. ஜட்ஜய்யா பாத்துட்டு நேரா வைத்தியத்துக்கு அனுப்பிடுவாரு.”

“அவன் யாரையும் அடிக்கலையே.”

“இன்னாக்கா நீ! அடிக்கற வரிக்கும் குந்திகினு இருப்பியா?”

வழக்கே இல்லாமல் சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாம் என்ற சட்டம், அவர் தலைக்கு மேல் சுவரொட்டியாக இருந்தது. பாதியைக் காலண்டர் மறைத்திருந்தது. பிறகுதான் படித்தேன்.

தெருவில் பலருக்கு மனு எழுதித் தருபவள் நான். அரைகுறையாக எழுதினால் அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து, ‘அரிவாள்மனையை ஓங்கிக் கொலைமிரட்டல் விடுத்து’ என்று சேர்த்தேன்.

“வக்கீல் தோத்தாருக்கா!” என்றார் சம்பந்தம்.

மாஜிஸ்திரேட்டும் அதை இரண்டு முறை வாசித்தார். “உனக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?” என்று தம்பியைக் கேட்டார்.

“நல்லா கீறேன்யா. நீங்க சாப்டீங்களா?”

“தெளிவாத்தானே பேசறான்.”

பதினைந்து நாள் சிறை.

மாத்திரைகளோடு இரண்டு முறை போனேன். வெளி மாத்திரைக்கு அனுமதியில்லை, மனநல டாக்டர் வியாழக்கிழமை வருவார் என்றார்கள். முதல் வியாழன் அரசு விடுமுறை. இரண்டாவது வியாழனுக்கு முந்தின நாள் செல்வகுமார் இறந்துபோனான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவனைச் சிகிச்சைக்கு மாற்றச் சொல்லி நான் இன்னொரு மனு போட்டிருந்தேன். நான்கே வரி. அது ஏற்கப்பட்டு, அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

“ஆர்டர் வந்துகீதும்மா. பெட்டு காலியா வெச்சிகினு கீறோம். இன்னும் ஏன் இட்டுகினு வரல?”

வழக்கை முடித்துவைத்தார்கள். நகல் வாங்கிப் பார்த்தேன். புகார்தாரர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது.