அரை நிமிஷத்துக்கு மேல் நீளும் அலை

ஆய்வுக்கூடத் தொட்டியின் தண்ணீரை மாற்றி நாலு மாதமாகியிருந்தது. பாசி பிடித்து, ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை அடித்தது. அதன் ஓரத்தில் நின்றே வாழைப்பழம் உரித்துத் தின்பார் தலைமைப் பொறியாளர். கூடத்தில் அவருக்கு வடிகட்டி என்று பெயர். அவருக்குக் கீழே வேலை பார்த்த அவளுக்கு, தண்ணீரின் வாடையைவிட அவர் சப்புக்கொட்டும் சத்தம்தான் குமட்டியது.

தொட்டிக்குள் இருந்தது துறைமுகத்தின் சிறிய மாதிரி. கப்பல் நிற்கும் கரையில் இப்போது கற்சரிவு இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் செங்குத்தாகச் சுவர் எழுப்பலாமா என்று இவர்கள் சோதித்துச் சொல்ல வேண்டும்.

ஆள் உயர அலைகளால் தொல்லையில்லை. அவை வெளியிலேயே உடைந்து நுரையாகிச் செத்துப்போகும். அவற்றின் காலடியில் பூனை மாதிரி நீண்ட அலை ஒன்று வரும். சாண் உயரம்கூட இருக்காது. ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒன்றரை நிமிஷம். அது உடையாது. கற்சரிவில் ஏறினால் கல்லிடுக்குகளில் உரசிக் கொஞ்சமாவது தேயும். சுவரில் மோதினால் வந்த பலத்தோடு அப்படியே திரும்பும். வருவதும் போவதும் சேர்ந்து கப்பலை இழுத்தால் கயிறு எத்தனை நேரம் தாங்கும்? அறுந்த கயிறு சாட்டையாகச் சுழன்று ஒருத்தர் காலைக் கொண்டுபோனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவள் அப்பா. கப்பலுக்குக் கயிறு மாட்டுவதுதான் அவர் பிழைப்பு.

வடிகட்டி எழுதிய சோதனை அறிக்கையிலோ சுவருக்கு நல்ல பெயர். சந்தேகப்பட்டு அவள் மூல அளவுகளைத் தோண்டினாள். அரை நிமிஷத்துக்கு மேல் நீளும் எதையும் நிலவின் இழுப்பில் கடல் ஏறி இறங்கும் ஓதம் என்று கழித்துத் தள்ளியிருந்தார் வடிகட்டி. கடலில் எடுத்த அளவுக்குச் செய்வதைத் தொட்டிக்கும் செய்திருக்கிறார். தொட்டியில் ஏது ஓதம்?

கேட்டதற்கு அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அலை ஓஞ்சப்புறம் தலை முழுகுறேன்னு உக்காந்தா ஆயுசுக்கும் குளிக்க முடியாதும்மா. உங்க வீட்ல மொதல் பட்டதாரி நீதானே? வேலைய வச்சுப் பொழச்சுக்கோ."

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரிய படிப்பு படிச்சவங்க. சரியாத்தாம்மா இருக்கும்."

கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. வாயில் இந்தப் பேச்சு. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். மத்தியானமே அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டுவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. அருவருப்பு கடைசியில் தன் மேலேயே வந்து நின்றது.

மறுநாள் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: 'அரை நிமிஷத்துக்கு மேற்பட்ட அலைகளை நாங்களே நீக்கினோம். நீக்காமல் பார்த்தால், சுவர் முன்னால் கயிறு நிற்காது.' கீழே பெயரும் தேதியும்.

வடிகட்டி படித்துவிட்டுச் சிரித்தார். இதை எவன் கடைசிப் பக்கம்வரை புரட்டப்போகிறான் என்று கேட்டார்.

"கயிறு மாட்டுற இருபத்தாறு பேருக்கும் காலையிலயே படிச்சுக் காட்டிட்டேன் சார். சுவரு வந்தா கயிறத் தொட மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

சொன்னது இருபத்தைந்து பேர்தான். அப்பா வாயைத் திறக்கவில்லை. அதை இந்த ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?