பெட்டகம் எங்கே?

மனைவியின் கம்ப்யூட்டரில் ‘பெட்டகம்’ என்று அடித்தால் அப்படி எதுவும் இல்லை என்றது. பக்கத்து அறையில் தன் கம்ப்யூட்டரில் அடித்தால் அத்தனை படங்களும் வந்து நின்றன. அவர் இரண்டு அறைக்கும் நடையாய் நடந்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மனைவி புகைப்படக்காரி. அலமாரி மேல் இருக்கும், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான சேமிப்புப் பெட்டியை நீளமான எண் முகவரி சொல்லித் தேட வேண்டாமே என்று நேற்றுத்தான் அவர் அதற்குப் பெயர் வைத்தார். வைத்த கையோடு அவள் படங்களை அதற்கு மாற்றி, அவள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தும் விட்டார். யாரும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவருக்குக் கை சும்மா இருக்காது. வேலையை விட்ட சேதியே அவளுக்கு நாத்தனார் வழியாகத்தான் வந்தது. அவரோ, முதலிலேயே சொன்னேன் என்று இன்றுவரை சாதிக்கிறார். எப்போது என்று கேட்டால் மட்டும் திருதிருவென முழிப்பார்.

வாசல் அறையில் புதுப்பெண் காத்திருந்தாள். மாலை அவளுக்கு விமானம். கல்யாணப் படங்களில் பாக்கியிருந்த திருத்தத்தைச் செய்யும் மென்பொருளோ மனைவியின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. படங்களைத் தொலைத்துவிட்டு மழுப்புகிறார் என்றே மனைவி நினைத்தாள். அவள் முகம் வெளிறியதைப் பார்த்து அவர் மேஜைக்கடியில் குனிந்தார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். அவள் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று அதன் மேல் பழியைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் அவளே வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நேற்று அந்தப் பெயரை எங்கே எழுதினார் என்று கேட்டாள். அவர் ஒரு சின்னக் கோப்பைத் திறந்தார். பெட்டியின் எண்ணும் பெயரும் ஒரே வரியில் இருந்தன.

“இது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“ஆமா.”

“என்னோடதுக்கு யாரு சொன்னது?”

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வழி கேட்கிற ரவுட்டரில் அதே வரியை எழுதினார். அவள் அறையில் பெட்டகம் திறந்தது. ஒரு படம்கூடக் குறையவில்லை. அவள் மூச்சுவிட்டாள், வேலையில் உட்கார்ந்தாள்.

“வேலைய விட்டதையும் இப்படித்தான் சொல்லியிருக்கீங்க,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுக்கத்தான் போனார். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று, சவரம் செய்தபடி, அவளிடம் சொல்ல வேண்டியதை வார்த்தை பிசகாமல் சொல்லிப் பார்த்திருந்தார். கதவு சாத்தியிருந்தது.