முப்பத்தைந்து சென்டிமீட்டர்

“மாமா, நான் எங்க உக்காரட்டும்?”

ஆஸ்பத்திரி வாசலில் தங்கையின் மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு மூன்று வயது. பேச்சு ஓயாததால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். கார் கதவைத் திறந்தபடி நின்ற தாய்மாமன் உள்ளே எட்டிப் பார்த்தான். பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகள் இருந்தன. ஒன்று அவனுடைய நான்கு வயது மகனுக்கு. மற்றது, வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும் எட்டு மாதக் கைக்குழந்தைக்கு.

“அத்தை மடியில உக்காரு தங்கம்” என்றான். முன் இருக்கையிலிருந்து அவன் மனைவி இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் குழந்தைகள் நல அலுவலகத்து அம்மா காகிதக் கட்டோடு வாசலுக்கு வந்தார்.

தங்கைக்கு நுரையீரலில் நோய். ஆறு மாதம் உள்ளேயே இருந்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்ணனை விட்டால் வேறு நாதி கிடையாது. அலுவலக அம்மா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தார். “வீடு ஊருக்கு வெளியில. பஸ் கிடையாது. எங்க போனாலும் இந்த வண்டிதான், இல்லையா?”

“ஆமாங்க மேடம்.”

“அப்ப மூணு பேரும் பின்னாடி, மூணு தனித்தனி சீட்டுல. மூணு வாரம் டைம் தர்றேன். அதுவரைக்கும் இவளை இந்த வண்டியில ஏத்தாதீங்க, இன்னைக்கு நானே கொண்டுவந்து விடுறேன். அதுக்குள்ள முடியலைன்னா இவளை வேற வீட்டுல வைக்கணும். எனக்கும் மேல ஆள் இருக்காங்க தம்பி.”

அவன் கார் கழுவும் பட்டறையில் வேலை பார்த்தான். நாளைக்கு முப்பது வண்டி. கதவைத் திறந்து, மிதியடிகளை உதறி, குழந்தை இருக்கைகளைக் கழற்றி வெளியில் வைத்து, அவற்றின் அடியில் நசுங்கிக் கிடக்கும் பிஸ்கட்டையும் உலர்ந்த திராட்சையையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது அவன் பங்கு. வருகிற வண்டிகளில் முக்கால்வாசியின் பின்பக்கம் கட்டில் போல விரிந்து கிடக்கும். அந்த மூன்று வாரமும் அவன் சட்டைப்பையில் அளவு நாடா இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் போன பிறகு வண்டிகளின் பின் இருக்கையை அளந்து பார்ப்பான். நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து. அவனுடைய காரில் நூற்று இருபத்து மூன்று. இருக்கும் இரண்டும் தலைக்கு நாற்பத்து நான்கு. மிச்சம் முப்பத்தைந்து.

“முப்பத்தஞ்சுல என்னடா உக்காரும்? பூனைக்குட்டியா?” என்றான் கண்ணாடி. கூட வேலை செய்கிறவன். கார்க் கண்ணாடிகளைத் துடைப்பது அவன் பங்கு என்பதால் அந்தப் பெயர். பார்வை என்னவோ அவனுக்குக் கழுகுப் பார்வைதான்.

“ஒல்லி சீட்டுன்னு ஒண்ணு வருதாம். கடையில கேட்டேன். என் ரெண்டு மாசச் சம்பளம்.”

கண்ணாடி கையிலிருந்த துணியைப் பிழிந்தான். நுரை வடிவதையே பார்த்தபடி நின்றான்.

மறுநாள் காலை கண்ணாடி தன் காரிலிருந்து ஒரு குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாம்பல் நிறம். ஒடுங்கின உடம்பு. “இந்தா மாப்ள. பரண்ல சும்மா கிடந்துச்சு. முப்பத்தெட்டுதான் இருக்கும்.”

“உன் பொண்ணோடது இல்ல?”

“அவ வளந்துட்டாடா. அவளுக்கு வேற வாங்கியாச்சு. கேள்வி கேக்காம பிடி. கை வலிக்குது.”

மூன்று சென்டிமீட்டர் அதிகம். அன்று வேலை முடிந்ததும் இருவரும் காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஓர இருக்கைகளைக் கதவோடு தள்ளிவைத்து, ஒல்லி இருக்கையை நடுவில் இறக்கி, கண்ணாடி அதன் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினான். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. கடைசியில் மூன்றும் ஒன்றோடொன்று இறுகி நின்றன. இவன் நடு இருக்கையைப் பிடித்து உலுக்கினான். வண்டிதான் ஆடியது, இருக்கை அசையவில்லை.

“பாத்தியா! கல்லு மாதிரி நிக்குது” என்றான் கண்ணாடி. “மாமியாரே வந்து இழுத்தாலும் வராது.”

இருவரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போனதும் வாயாடியை நடுவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். “எனக்கு நடு! எனக்கு நடு!” என்று அவள் இரண்டு பக்கமும் கையை விரித்தாள். ஒரு கை மகன் மூக்கில் பட்டு அவன் அழுதான். மனைவி கதவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

கெடு முடிந்த வியாழக்கிழமை நான்கு மணிக்கு அலுவலக அம்மா வந்தார். அவர் வண்டி பெரியது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று இருக்கைகளையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “எப்படிப்பா நுழைச்சீங்க?”

“கடவுள் புண்ணியம் மேடம். அசைச்சுப் பாருங்க.”

அவர் அசைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, “ஓரத்துல இருக்கிறதை எல்லாம் கழட்டுங்க” என்றார்.

“எதுக்குங்க?”

“ஒவ்வொண்ணும் தானா நிக்கணும். பக்கத்து சீட்டு பிடிச்சுக்கிறது கணக்கு இல்ல.”

அவன் கதவோரத்து இருக்கைகள் இரண்டையும் வெளியில் எடுத்து வைத்தான். அலுவலக அம்மா நடு இருக்கையை இரண்டே விரலால் தள்ளினார். அது தலை கவிழ்ந்து முன் இருக்கையில் முட்டியது. இடுப்புப் பட்டை அதன் மேல் தொளதொளவென்று கிடந்தது.

அவன் அதையே பார்த்தான். “கல்லு மாதிரி நின்னுச்சு மேடம்.”

“இறுக்கிப் பிடிச்சிருந்தது பட்டை இல்ல தம்பி, நெரிசல். வண்டி எங்கயாவது மோதினா நெரிசல் கலைஞ்சிரும். பிள்ளை சீட்டோட பறக்கும்.” சொல்லிவிட்டு அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குள் ஏறினார். இருக்கைமேல் முழங்காலை ஊன்றி, முழு எடையையும் போட்டு, பட்டையை இழுத்து இறுக்கினார். “இப்படி. முட்டி போட்டு அமுக்கணும். அப்புறம், பட்டை போற இடத்துல பிடிச்சு ஆட்டணும். ரெண்டு விரக்கடைக்கு மேல நகரக் கூடாது.” இப்போது இருக்கை அசையாமல் நின்றது. “இனி ஓரத்துச் சீட்டை வைங்க.”

வைத்தான். நுழையவில்லை. கைக்குழந்தையின் இருக்கை நடுப்பட்டையின் கொக்கிமேல் ஏறி உட்கார்ந்தது. கொக்கியை விலக்கினால் மறுபக்கக் கதவைச் சாத்த முடியவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தான். முக்கால் மணி நேரம். அலுவலக அம்மாவும் கூடவே நின்று தூக்கிக் கொடுத்தார். அவர் நகம் ஒன்று உடைந்தது.

“கைக்குழந்தை சீட்டை முன்னாடி வைக்கிறேன் மேடம். இவ வீட்டுலயே இருந்துக்குவா” என்று மனைவியைக் காட்டினான்.

“முன்னாடி காத்துப்பை, அதான் ஏர்பேக், இருக்கு. இந்த வண்டியில அதை அணைக்க முடியாது. விரிஞ்சா அதுவே பிள்ளையை அடிச்சிரும்.”

“ஏங்க,” என்றாள் மனைவி, “நம்ம பையன் சீட்டை எடுத்துட்டா?”

அலுவலக அம்மா கண்ணால் வாசற்படியைக் காட்டினார். மகன் வாசற்படியில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற வண்டி கிடைச்சா அன்னைக்கே கூப்பிடுங்க. நானே கூட்டிட்டு வந்து விடுறேன்” என்றார் அலுவலக அம்மா. காகிதத்தில் ஒரு கோடு போட்டு, அவன் பெயரை எழுதச் சொன்னார்.

வாயாடியின் துணிகளை மனைவி பையில் அடுக்கினாள். உள்ளே ஈரமாக இருந்த ஒரு பாவாடையை எடுத்து விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். “ஆஸ்பத்திரியில சொல்லாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா உங்க தங்கச்சி மருந்தை நிறுத்திட்டு எந்திரிச்சு வந்துருவா” என்றாள்.

பெரிய வண்டியின் பின் இருக்கையில் ஒரே ஒரு குழந்தை இருக்கை, நட்டநடுவில். வாயாடி ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் கையை விரித்துப் பார்த்தாள். எதுவும் எட்டவில்லை. “மாமா, நீ இந்தப் பக்கம் உக்காரு. அத்தை அந்தப் பக்கம். இடம் இருக்கு பாரு” என்றாள். கதவு மூடியது.

வெள்ளிக்கிழமை மழை. மகனைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுக் காரில் திரும்பியவன், சாலையோரத்தில் கண்ணாடியின் மனைவியைப் பார்த்தான். நான்கு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குடையைக் குழந்தைப் பக்கம் சாய்த்து, அவள் முழுக்க நனைந்தபடி நடந்துகொண்டிருந்தாள். அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

“என்னங்க, அவன் வண்டியில விடலையா?”

“சீட்டை யாருக்கோ குடுத்துட்டாராம் அண்ணே. சீட்டு இல்லாம ஏத்தினா பள்ளியில உள்ள விட மாட்டாங்க. பரவாயில்ல, ரெண்டு மைல்தானே” என்று சொல்லி அவள் சிரித்தாள். யாருக்கு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பின் இருக்கையில் அந்த ஒல்லி இருக்கை துணி போர்த்திக் கிடந்தது. பிள்ளையை மகனின் இருக்கையில் உட்காரவைத்து, தாயை முன்னால் ஏற்றிக்கொண்டு, பள்ளி வாசலில் இறக்கிவிட்டான்.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கொட்டகைக்குப் போனார்கள். கண்ணாடி ஏதோ கதை சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் கேட்டது. அவன் வயிறு சரியில்லை என்று சொல்லிப் பின்தங்கினான். அந்த இருக்கையைக் குழாயடியில் வைத்துத் துணியைக் கழற்றிக் கழுவினான். காற்றுக் குழாயால் இடுக்குகளை உலர்த்தினான். கண்ணாடியின் காருக்குப் பின் கதவில் பூட்டு வேலை செய்யாது. திறந்தான். உள்ளே பழைய தலையணை ஒன்று மடித்துச் செருகியபடி இருந்தது. இத்தனை நாளும் அந்தத் தலையணையைத்தான் முட்டுக் கொடுத்து இருக்கையை நிறுத்தியிருந்தான் கண்ணாடி.

தலையணையை எடுத்து டிக்கியில் போட்டான். இருக்கையை நடுவில் வைத்தான். முழங்காலை ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் அதில் இறக்கி, பட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். உள்ளங்கையில் பட்டையின் வரி பதிந்தது. பட்டை போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தான். இரண்டு விரற்கடைகூட நகரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். பிறகு இறங்கி, சத்தம் வராமல் கதவைச் சாத்தி, கதவுக் கண்ணாடியில் படிந்த தன் கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்தான்.

கொட்டகையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.